சராசரிக்குள் மறையும் காத்திருப்பு

மாலை ஏழு மணி. மளிகைக் கடையில் கூட்டம். வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசியில் தொகையைக் குறிப்பிட்டு, ரகசிய எண்ணையும் பதிவு செய்துவிட்டார். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டதாக அவருக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆனால், பணம் வந்ததை உரக்க அறிவிக்க வேண்டிய கடைக்காரரின் ஒலிப்பெட்டி மௌனமாக இருக்கிறது. 'இன்னொரு முறை அனுப்புங்கள்' என்கிறார் கடைக்காரர். 'இரண்டு முறை போய்விட்டால் யார் பொறுப்பு?' என்று கேட்கிறார் வாடிக்கையாளர். பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள்.

நாட்டில் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது கடந்துவந்த காட்சி இது. வழக்கமாக இந்தப் பழி 'நெட்வொர்க்' மீதோ 'சர்வர்' மீதோ விழும். உண்மையில், பல நேரங்களில் கோளாறு இருப்பது வேறிடத்தில். ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பு இன்னொரு நிறுவனத்தின் கணினி அமைப்போடு பேசுவதற்காக நடுவில் வைக்கப்பட்டிருக்கும் மென்பொருள் அடுக்கில்தான் அந்தக் கோளாறு இருக்கிறது. அதை இடைமென்பொருள் என்கிறார்கள்.

இடைமென்பொருளுக்குத் திரை கிடையாது, விளம்பரமும் கிடையாது. வங்கியின் கணக்குப் பதிவேட்டையும் கைப்பேசிச் செயலியையும் இணைப்பது அதுதான். ரேஷன் கடையின் விரல்ரேகைக் கருவியை ஆதார் சரிபார்ப்போடு இணைப்பதும், மருத்துவமனையின் கட்டணப் பிரிவைக் காப்பீட்டு நிறுவனத்தோடு இணைப்பதும் அதுவே. ஒரு செய்தியை வாங்கி, மறுதரப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, உரிய இடத்தில் சேர்த்து, பதிலைத் திரும்பக் கொண்டுவருவது அதன் பணி. இந்தப் பணியை அது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதை எப்படி அளப்பது? பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய கேள்வியாக இது தோன்றலாம். ஆனால், அளவீடு பிழையானால் அதன் விலையைக் கொடுப்பவர் கடைவாசலில் நிற்கும் அந்த வாடிக்கையாளர்தான்.

2025 ஏப்ரல் தந்த பாடம்

இந்தியாவில் இதற்கு நம் கண்முன் இருக்கும் மிகப் பெரிய எடுத்துக்காட்டு, யுபிஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமான இந்த முறை, 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைக் கையாண்டது. நாளொன்றுக்குச் சுமார் 64 கோடி. வினாடிக்குச் சராசரியாக ஏழாயிரத்துக்கும் மேல். இதன் மையத்தில் இந்திய தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) இணைப்பகம் இருக்கிறது. அந்த இணைப்பகம் யாருடைய பணத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அறுநூற்றுக்கும் மேற்பட்ட வங்கிகளுக்கும் கைப்பேசிச் செயலிகளுக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்க்கிறது. அந்த வகையில், அது ஒரு பிரம்மாண்டமான இடைமென்பொருள்.

2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு தழுவிய அளவில் யுபிஐ சேவை முடங்கியது. ஏப்ரல் 12 முடக்கத்துக்கான காரணத்தை என்பிசிஐ ஆராய்ந்தபோது கிடைத்த விடை கவனத்துக்குரியது. அன்று இணைப்பகத்தைத் திணறடித்ததில் முக்கியப் பங்கு, பணம் அனுப்பும் கோரிக்கைகளுக்கு அல்ல. 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' என்று வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்ட நிலையறியும் கோரிக்கைகளுக்கு. அவற்றில் பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிய விசாரிப்புகளும் இருந்தன.

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்வது எளிது. பதில் வரத் தாமதமானால், கேட்டவர் மீண்டும் கேட்பார். ஏற்கெனவே திணறும் அமைப்பின் மீது இந்த மறுவிசாரணைகள் கூடுதல் சுமையாக விழும். அதனால் தாமதம் அதிகரிக்கும். தாமதம் அதிகரித்தால் விசாரணைகளும் அதிகரிக்கும். மனிதர்கள் சலித்துப்போய் நிறுத்திவிடுவார்கள். கணினிகள் நிறுத்துவதில்லை, எத்தனை முறை கேட்கலாம் என்று யாராவது வரம்பு விதித்தால்தான் உண்டு.

அதன் பிறகு அந்த வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு 50 முறை மட்டுமே கணக்கிருப்பைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. சந்தாக்கள், தவணைகள் போன்ற தானியங்கிக் கழிப்புகள் நெரிசல் நேரங்களில் நடைபெறாதபடி ஒதுக்கப்பட்டன. இவை அனைத்தும் சரியான நடவடிக்கைகளே. ஆனால், முடங்கிய பிறகுதான் இவை வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். வினாடிக்கு எத்தனை பணப் பரிவர்த்தனைகளைத் தாங்கும் என்பதை மட்டும் அளப்பவருக்கு, விசாரணைகளால் வரக்கூடிய ஆபத்து புலப்படாது. எதை அளக்கவில்லையோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் வெள்ளம் வருகிறது.

சராசரி சொல்லாத கதை

இடைமென்பொருளை விற்கும் நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு எண்களைத் தருகின்றன. வினாடிக்கு இத்தனை ஆயிரம் செய்திகளைக் கையாளும் என்பது ஒன்று. சராசரி மறுமொழி நேரம் இத்தனை மில்லி வினாடி என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆயினும், பயனாளருக்குத் தேவையான தகவல் இரண்டிலும் இல்லாமல் போகலாம்.

நூறு கோரிக்கைகளில் 99 கோரிக்கைகளுக்கு அரை வினாடியில் பதில் கிடைக்கிறது; ஒன்றுக்கு மட்டும் 30 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.8 வினாடிதான். அறிக்கையில் இந்த எண் அழகாகவே இருக்கும். ஆனால், நாளொன்றுக்கு ஒரு கோடிக் கோரிக்கைகள் வந்தால், ஒரு லட்சம் பேர் அரை நிமிடம் தவித்திருப்பார்கள். அதனால்தான் அனுபவமுள்ள பொறியாளர்கள் சராசரியைக் கேட்பதில்லை. '99 சதவீதக் கோரிக்கைகள் எத்தனை வினாடிக்குள் முடிந்தன, 99.9 சதவீதக் கோரிக்கைகள் எத்தனை வினாடிக்குள் முடிந்தன' என்று கேட்கிறார்கள்.

இது புதிய அறிவும் அல்ல. கணினி அறிஞர் ஜிம் கிரே, தம் சகாக்களுடன் சேர்ந்து, பெயர் குறிப்பிடாமல் 1985இல் 'டேட்டாமேஷன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வங்கியில் பணம் எடுப்பது, போடுவது போன்ற எளிய பரிவர்த்தனையை வைத்து ஒரு கணினி அமைப்பின் திறனை அளக்கும் முறையை அது முன்வைத்தது. வினாடிக்கு எத்தனை பரிவர்த்தனைகள் என்ற எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அவற்றில் 95 சதவீதம் ஒரு வினாடிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வேகத்தையும் காத்திருப்பையும் பிரித்துப் பேச இடமளிக்காத நிபந்தனை அது. நாற்பது ஆண்டுகள் கடந்தும், நாம் சராசரியையே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இடைமென்பொருளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கு ஒரு கோரிக்கை ஒரே இடத்தில் முடிவதில்லை. யுபிஐயில் ஒரு பரிவர்த்தனை அனுப்புபவரின் செயலி, அதன் பின்னுள்ள வங்கி, இணைப்பகம், பணம் கழிக்கப்படும் வங்கி, பணம் சேர வேண்டிய வங்கி எனப் பல படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படியும் 99.9 சதவீதம் நம்பகமானது என்று கொண்டால்கூட, ஐந்து படிகளைக் கடந்த பிறகு மிஞ்சுவது 99.5 சதவீதம்தான். நாளொன்றுக்கு 64 கோடிப் பரிவர்த்தனைகளில் அரை சதவீதம் என்றால் 32 லட்சம். தன் பங்கு 99.9 சதவீதம் என்று ஐந்து நிறுவனங்களும் மார்தட்டிக்கொள்ளலாம். 32 லட்சம் பேரின் ஏமாற்றத்துக்கு அவற்றில் ஒன்றுகூடப் பொறுப்பேற்க வேண்டியிருக்காது.

கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ இருவரும் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை வேறு கோணத்தில் காட்டியது. நூறில் ஒரு முறை மட்டுமே தாமதிக்கும் கணினிகள் நூறிடம் ஒரே நேரத்தில் பதில் கேட்டு, அனைத்தும் வந்த பிறகே விடை சொல்ல முடியும் என்றால், 63 சதவீதப் பயனாளர்கள் தாமதத்தைச் சந்திப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அபூர்வமாகத் தெரியும் குறை, கூட்டாகப் பார்க்கும்போது அன்றாட அனுபவம் ஆகிவிடுகிறது.

அண்டை வீட்டுத் தாமதம்

இடைமென்பொருள் நல்ல நாளில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைவிட, அதனோடு இணைந்த ஓர் அமைப்பு தடுமாறும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதே முக்கியமான அளவுகோல். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்ததால் 'லிட்டில் விதி' என்று அழைக்கப்படுகிறது. ஓர் அமைப்புக்குள் ஒரு நேரத்தில் இருப்போரின் எண்ணிக்கை, வினாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். கோயில் வரிசைக்கும் இது பொருந்தும், கணினிக்கும் பொருந்தும்.

ஒரு வங்கிக்கு வினாடிக்கு ஆயிரம் கோரிக்கைகள் செல்கின்றன, ஒவ்வொன்றும் 0.2 வினாடியில் முடிகிறது என்று கொள்வோம். இடைமென்பொருளுக்குள் எந்த நேரத்திலும் 200 கோரிக்கைகள் மட்டுமே காத்திருக்கும். திடீரென அந்த வங்கி பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறது. 30 வினாடி வரை காத்திருப்பது விதி என்றால், காத்திருப்போரின் எண்ணிக்கை 30,000 ஆகும். இத்தனைக்கும் வரும் கோரிக்கைகளின் வேகம் ஒன்றுகூடக் கூடவில்லை. நினைவகமும் இணைப்புகளும் இந்த 30,000 கோரிக்கைகளுக்காகவே முடங்கிக் கிடக்க, நன்றாக இயங்கும் மற்ற வங்கிகளுக்கான கோரிக்கைகளுக்கும் இடமில்லாமல் போகிறது. ஒரு வீட்டில் பற்றிய தீ தெருவுக்குப் பரவுவது இப்படித்தான்.

2025 ஜூன் 16 முதல் யுபிஐயில் காத்திருப்புக் கெடுவை என்பிசிஐ குறைத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பணம் செலுத்தும் கோரிக்கைக்கான கெடு 30 வினாடியிலிருந்து 15 வினாடியாகவும், நிலையறியும் கோரிக்கைக்கான கெடு 30 வினாடியிலிருந்து 10 வினாடியாகவும் குறைக்கப்பட்டன. 'யுபிஐ இனி இரு மடங்கு வேகம்' என்ற பொருளில் இது பரவலாகப் பேசப்பட்டது. கெடுவைக் குறைப்பதால் எந்தப் பரிவர்த்தனையும் வேகமாகிவிடாது. தடுமாறும் வங்கிக்காக மற்றவர்கள் முடங்கிக் கிடக்கும் அளவு பாதியாகக் குறைகிறது என்பதே அதன் உண்மையான பயன். நம் எடுத்துக்காட்டில் 30,000 என்பது 15,000 ஆகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பதினெட்டு வினாடியில் சரியான பதிலைத் தந்திருக்கக்கூடிய வங்கியின் பரிவர்த்தனை இப்போது பாதியில் துண்டிக்கப்படும். பணம் கழிக்கப்பட்டு, பதில் வந்து சேராத நிலைக்கு அது தள்ளப்படலாம். அந்த விலை கொடுக்கத்தக்கதா என்பதை அனுமானத்தால் தீர்மானிக்க முடியாது. பரிவர்த்தனைகளில் எத்தனை 15 வினாடிக்கும் 30 வினாடிக்கும் இடையே முடிந்துகொண்டிருந்தன என்ற எண் வேண்டும். சராசரியை மட்டும் வைத்திருப்பவரிடம் அந்த எண் இருக்காது.

சோதனையே ஏமாற்றும்போது

சரியான எண்ணைத் தேடுபவரையும் சோதனைக் கருவி ஏமாற்றிவிட முடியும். ரேஷன் கடை வரிசையில் மக்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அறிய ஒருவரை அனுப்புகிறோம். அவர் பொருள் வாங்கி வெளியே வருபவரிடம் மட்டும் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். ஒருவர் வெளியே வந்த பிறகே அடுத்தவரை உள்ளே விடுகிறார். நடுவில் கருவி பழுதாகி ஒரு மணி நேரம் விநியோகம் நின்றுவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குறித்துக்கொண்டது ஒரே ஒருவரின் காத்திருப்பை மட்டுமே. வெளியே வெயிலில் நின்ற ஐம்பது பேர் அவருடைய ஏட்டில் இல்லை.

மென்பொருளின் சுமையைச் சோதிக்கும் கருவிகள் பலவும் இப்படித்தான் இயங்கின. ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பின. அமைப்பு உறைந்து நின்றால் கருவியும் உறைந்து நின்றது. கில் டெனே என்ற பொறியாளர் இந்தப் பிழையைப் பரவலாக எடுத்துக்காட்டினார். ஓர் அமைப்பு நூறு வினாடி மிகச் சிறப்பாக, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு மில்லி வினாடியில் பதில் தருகிறது. அடுத்த நூறு வினாடி முற்றாக உறைந்துவிடுகிறது. வினாடிக்கு நூறு கோரிக்கைகளை அனுப்பும் கருவி, பத்தாயிரம் நல்ல பதில்களையும் ஒரே ஒரு மோசமான பதிலையும் பதிவு செய்து, சராசரி 11 மில்லி வினாடி என்று அறிக்கை தரும். அந்த இருநூறு வினாடிகளில் எந்தக் கணத்திலும் வந்திருக்கக்கூடிய ஒரு பயனாளரின் உண்மையான சராசரிக் காத்திருப்போ 25 வினாடி. இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு.

கருவி சரியாக இருந்தாலும் சோதனைக் களம் தவறாக இருக்கலாம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி இதற்குக் கண்கூடான சாட்சி. லாயிட்ஸ் வங்கிக் குழுமத்திடமிருந்து பிரிந்து, ஸ்பெயினின் சபாடெல் வங்கியால் வாங்கப்பட்ட அது, 2018 ஏப்ரல் மாதத்தின் ஒரு வார இறுதியில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. கணக்கு விவரங்கள் பத்திரமாகவே இடம் மாறின. ஆனால், அமைப்பு திறக்கப்பட்டதும் இணையவழிச் சேவை, கைப்பேசிச் சேவை, கிளைச் சேவை அனைத்தும் தடுமாறின. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். இயல்பு நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் வரை ஆயிற்று.

வங்கி நியமித்த சட்ட நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில் இயங்க வேண்டியது. சுமை தாங்கும் சோதனையோ ஒரு மையத்தில் மட்டுமே நடத்தப்பட்டிருந்தது. இரண்டு மையங்களின் அமைப்புமுறையும் ஒன்றுபோல் இல்லை என்பது, உண்மையான வாடிக்கையாளர்கள் வந்த பிறகே தெரியவந்தது. 2022 டிசம்பரில் பிரிட்டனின் ஒழுங்காற்று அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. வாடிக்கையாளர்களுக்கு வங்கி அளித்த இழப்பீடு 3.27 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டு, அதன் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் முன்னாள் தலைவருக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விதிக்கப்பட்டது. சோதனை நடந்ததா என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் இருந்திருக்கும். எங்கே, எந்த நிலையில் நடந்தது என்ற அடுத்த கேள்வியில்தான் அத்தனையும் அடங்கியிருந்தது.

எண்களை யார் பார்ப்பது?

இந்தியாவில் நிலைமை எப்படி? பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடலாம். என்பிசிஐ ஒவ்வொரு மாதமும் முன்னணி வங்கிகளின் யுபிஐ செயல்பாட்டைப் பெயரோடு வெளியிடுகிறது. தோல்விகளை அது இரண்டாகப் பிரிக்கிறது. தவறான ரகசிய எண், போதிய இருப்பின்மை, வரம்பு மீறல் போன்ற வாடிக்கையாளர் சார்ந்தவை ஒரு வகை. வங்கியின் அல்லது இணைப்பகத்தின் கணினிக் கோளாறால் நேர்பவை மற்றொரு வகை. பணம் சேர வேண்டிய வங்கியிடமிருந்து உறுதியான பதில் வராமலே ஏற்கப்பட்டதாகக் கருதப்பட்ட பரிவர்த்தனைகளின் விகிதமும் அதில் உண்டு. பல நாடுகளில் இத்தகைய விவரங்கள் பொதுவெளிக்கே வருவதில்லை.

ரிசர்வ் வங்கியும் 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவு மூலம் காத்திருப்புக்கு விலை நிர்ணயித்தது. ஒருவர் கணக்கில் கழிக்கப்பட்ட பணம் மற்றவர் கணக்கில் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகவே திரும்ப வந்துவிட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வணிகர்களுக்குச் செலுத்தும் பணம் என்றால் ஐந்து நாள் அவகாசம். கேட்காமலே தரப்பட வேண்டிய இழப்பீடு இது. அடிக்கடி சேவை முடங்கியதைக் காரணம் காட்டி, 2020 டிசம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கிக்கும், 2024 ஏப்ரலில் கோடக் மகிந்திரா வங்கிக்கும் புதிய கடன் அட்டைகள் வழங்க ரிசர்வ் வங்கி தடை விதித்ததும், பின்னர் குறைகள் சரிசெய்யப்பட்டதும் தடைகளை விலக்கிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆயினும், மாதாந்திரச் சதவீதம் என்பதும் ஒரு வகைச் சராசரியே. முப்பது நாள் கொண்ட மாதத்தில் மொத்தம் 720 மணி நேரம். ஒரு வங்கியின் அமைப்பு முழுமையாக ஒரு மணி நேரம் செத்துக்கிடந்தாலும், நேரக் கணக்கில் அது 0.14 சதவீதம்தான். அந்த ஒரு மணி நேரம் சம்பள நாளின் மாலைப் பொழுதாக இருந்தால் எத்தனை குடும்பங்களைப் பாதித்திருக்கும் என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது. தோல்விகளை வகைப்படுத்துவதிலும் கண்காணிப்பு தேவை. ஒரு தோல்வி வங்கியின் கணக்கில் எழுதப்படுமா, வாடிக்கையாளரின் கணக்கில் எழுதப்படுமா என்பது ஒரு குறியீட்டு எண்ணைப் பொறுத்தது என்றால், வசதியான குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆசை யாருக்கும் வரக்கூடும்.

வங்கிகளைத் தாண்டினால் இந்த அளவு வெளிப்படைத்தன்மைகூட இல்லை. சான்றிதழுக்காகவும் பட்டாவுக்காகவும் காத்திருப்போர் கேட்கும் 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற பதிலுக்குப் பின்னால், எந்தத் துறையின் அமைப்பு எந்தத் துறையின் அமைப்புக்காகக் காத்திருந்தது என்பதைக் குடிமக்கள் அறிய வழியில்லை. ஒப்பந்தத்தில் '99.9 சதவீத இயக்கம்' என்று எழுதப்பட்டிருக்கலாம். அப்படி எழுதினாலே ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேர முடக்கம் அனுமதிக்கப்படுகிறது. அந்த நேரம் நள்ளிரவிலா, அலுவல் நேரத்திலா என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் கவனத்துக்கு வருவதில்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. வணிக மென்பொருள்கள் சிலவற்றின் உரிம ஒப்பந்தங்களில், விற்பனையாளரின் அனுமதியின்றித் திறன் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. தரவுத்தளங்களின் வேகத்தை 1980களில் ஒப்பிட்டு வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் டெவிட்டின் பெயராலேயே அது 'டெவிட் நிபந்தனை' என்று அழைக்கப்படுகிறது. அவருடைய முடிவுகளால் சங்கடப்பட்ட நிறுவனமொன்றின் எதிர்வினையாகப் பிறந்தது அது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கப்படும் மென்பொருளுக்கு இப்படியொரு நிபந்தனையை ஏற்பது, எடைபோட்டுப் பார்க்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பொருள் வாங்குவதற்குச் சமம்.

செய்யத்தக்கவை

விரிவான புள்ளிவிவரங்களை வெளியிட்டால் மக்களிடம் பீதி கிளம்பும், தாக்குதல் நடத்துவோருக்கு அது உதவும் என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு பயன்படுகிறது என்பதை வெளியிட்டால் அந்த அச்சம் நியாயமே. ஒரு வங்கியில் நேற்று மாலை நூறில் எத்தனை பேர் பத்து வினாடிக்கு மேல் காத்திருந்தார்கள் என்பதை வெளியிடுவதால் தாக்குவோருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் அதை முன்பே சொல்லிவிட்டிருப்பார்கள்.

அளவுகோல்கள் எப்படி அமைய வேண்டும் என்பதை இதுவரை கண்ட நிகழ்வுகளே சுட்டுகின்றன. முதலாவதாக, மறுமொழி நேரத்தைச் சராசரியாகச் சொல்லாமல், 99 சதவீத, 99.9 சதவீத எல்லைகளாக, மணிவாரியாக வெளியிட வேண்டும். மாதாந்திர அறிக்கையோடு, அந்த மாதத்தின் மிக மோசமான ஒரு மணி நேரமும் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் வாசலில் நின்று அளப்பதை விடுத்து, பயனாளர் பொத்தானை அழுத்தியதிலிருந்து முடிவு தெரியும்வரை ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். இடையிலுள்ள படிகளில் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பின்தொடரும் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவதாக, புதிய அமைப்புகளைத் திறப்பதற்கு முன், இணைந்துள்ள ஒன்றைத் திட்டமிட்டு மெதுவாக்கியும் நிறுத்தியும் சோதித்துப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். தடுமாறும் அமைப்புக்குச் செல்லும் கோரிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு, வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தைப் போன்றது. அது உண்மையில் இயங்குகிறதா என்பதும் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். நான்காவதாக, அரசு ஒப்பந்தங்களில் சோதனை முடிவுகளை வெளியிடும் உரிமையை அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது.

இவற்றுக்குப் பெரும் செலவோ புதிய கண்டுபிடிப்போ தேவையில்லை. இந்த எண்களில் பெரும்பகுதி நிறுவனங்களின் பதிவேடுகளில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பி, அறிக்கையில் எழுதி, ஒழுங்காற்று அமைப்பும் மக்களும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லாமல் இருக்கிறது.

ரொக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் குறைந்துவரும் நாட்டில், கணினிகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தை குடிநீரையும் மின்சாரத்தையும் போன்ற அத்தியாவசியச் சேவையாகிவிட்டது. மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று நாம் கேட்கிறோம். ஆண்டுச் சராசரியைச் சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. கடைவாசலில் சுழலும் வட்டத்தைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. அதற்கான விடையை எண்களோடு தரும் கடமையை ரிசர்வ் வங்கியும் என்பிசிஐயும் அரசுத் துறைகளும் அடுத்த முடக்கத்துக்கு முன்பே ஏற்க வேண்டும்.